ஜன்னலில் ஒட்டிய நெஞ்சுப்படம்

கடுகண்ணாவை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள உம்மாவுக்கு,

மூத்த மகள் ரிப்காவின் சலாம். இங்கே வாப்பா, நான், தங்கச்சி மூவரும் சுகம். நீங்களும் சுகம் என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போனில் சொல்கிறீர்கள். அது பொய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. போனில் இந்தப் பேச்சை எடுத்தால் "லைன் கிளியர் இல்ல புள்ள" என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். உங்களோடு மேடம் வீட்டில் வேலை செய்கிற றலியா மாமி லீவு முடிந்து புதன்கிழமை ரியாதுக்குத் திரும்புகிறார். அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். எங்காவது உட்கார்ந்து வாசியுங்கள். மாடிப்படியில் நின்றுகொண்டு வாசிக்க வேண்டாம்.

படி என்று ஏன் எழுதினேன் என்று உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் கொடுத்துவிட்ட பேரீச்சம்பழப் பெட்டியோடு மாமி போன கிழமை வந்தார். வாப்பா நம் ரோட்டோரப் பழக்கடையில் இருந்தார். றம்புட்டான் சீசன், கொழும்புக் கார்கள் வரிசையாக நிற்கின்றன. நான் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, உம்மா எப்படி இருக்கிறார் என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன். மாமி கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "ஒங்களுக்குச் செல்லல்லியா புள்ள? துணி காயப்போட மூணாம் மாடிக்கு ஏறினா பாதியிலேயே குந்திக்குவா. போன நோன்புல ஏறிக்கிட்டு ஈக்கச்சில அப்பிடியே உழுந்துட்டா. ஒதடெல்லாம் நீலம். மேடம்ட லிப்ஸ்டிக்கக் களவாப் பூசிட்டாளோன்னுதான் நான் நெனச்ச" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார். நோன்பு மயக்கம் என்று மேடத்திடம் சொல்லும்படி நீங்கள்தான் மாமியைக் கெஞ்சினீர்களாம். நோன்பின் பெயரில் பொய் சொல்லலாம் என்று எனக்கு நீங்கள் ஒருநாளும் சொல்லித் தரவில்லையே, உம்மா.

அன்று பின்னேரமே வாப்பாவிடம் சொன்னேன். அவர் பழப் பெட்டியை அடுக்குவதை நிறுத்தாமலே, "மெடிக்கல் பாஸ் பண்ணித்தானே போன. நெஞ்சு கண்ணாடி மாதிரி ஈக்கின்னு மக்கீன் செல்லல்லியா? வயசு போனா எல்லாருக்கும் மூச்சு வாங்கும்தான்" என்றார். வயசு போனதாம். உங்களுக்கு முப்பத்தொன்பது. பிறகு குசினிப் பக்கம் கையைக் காட்டி, "சந்தேகம்னா போய்ப் பாரு, அங்கதானே ஈக்கி" என்றார்.

உங்களுக்கு இது தெரியாது. நீங்கள் போன பிறகு குசினிக் கதவுக்கு மேலிருந்த சின்ன ஜன்னலின் கண்ணாடி உடைந்துவிட்டது. சாரல் அடிக்காமல் இருக்க வாப்பா உங்கள் எக்ஸ்ரே படத்தை எடுத்து அந்தச் சட்டத்தில் ஆணி அடித்து வைத்தார். காலை வெயில் அதற்குள்ளால் வரும்போது உங்கள் விலா எலும்புகளின் நிழல் சோற்றுப் பானை மேல் விழும். தங்கச்சி மஸாஹிரா அதற்குச் சலாம் சொல்லிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவாள். அவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சலாம் சொன்னால் காற்றுத்தான் வருகிறது. நானும் அதற்குக் கீழே நின்றுதான் இத்தனை நாளும் தேங்காய் துருவினேன். ஒருநாளாவது அதை ஒரு படம் என்று நினைத்துப் பார்க்கவில்லை. எனக்கு அது ஜன்னல்.

அந்தப் படம் எடுத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏஜென்சி மெடிக்கலுக்கு முன்னால் வெளியே ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடுவோம், டீபி, காசநோய்த் தழும்பு ஏதும் இருந்தால் முதலே தெரிந்துவிடும் என்று ஏஜென்சிக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கிற மக்கீன் மாமா சொன்னார். நம் பக்கத்தில் வெளிநாடு போகிற எல்லோரும் செய்வதுதானே. டொக்டர் பார்த்து எழுதும் அறிக்கை கிடைக்க நாளாகும், படம் மட்டும் போதும் என்று சொன்னவரும் அவர்தான். நம் வீட்டு மண்டபத்துப் பல்புக்கு நேரே படத்தைப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "வெள்ளப் புள்ளி ஒண்டும் இல்ல. நல்ல கறுப்பு. விசா அடிச்சாச்சுன்னு வெச்சுக்கங்க" என்றார். அந்தச் சந்தோஷத்தில் நீங்கள் இனிப்பாக வட்டிலப்பம் செய்து வைத்தீர்கள். ஏஜென்சி மெடிக்கலும் பாஸ். அவர்களும் தேட வேண்டியதை மட்டும் தேடினார்கள் போலிருக்கிறது.

நான் கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, ஆணிகளைக் கழற்றிப் படத்தை எடுத்தேன். அன்று பார்த்து மழை. குசினியெல்லாம் தண்ணீர். வாப்பா வந்து சத்தம் போட்டார். ஜன்னலுக்கு என் பழைய கணிதக் கொப்பியின் அட்டையை வைத்தேன், அது ஊறிப்போனது. பரவாயில்லை.

அடுத்த நாள் ஸ்கூல் விட்டதும் படத்தைச் சுருட்டிக்கொண்டு கண்டி நூலகத்துக்குப் போனேன். மருத்துவப் புத்தகங்கள் வெளியே கொடுப்பதில்லை, அங்கேயே இருந்து வாசிக்க வேண்டும். ஜன்னல் ஓர மேசையில் புத்தகத்தையும் உங்கள் நெஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதலில் உங்கள் இதயம் வலது பக்கம் இருப்பதைப் பார்த்துப் புத்தகத்தை மறுபடியும் மறுபடியும் புரட்டினேன். பிறகுதான் மூலையில் உங்கள் பெயர் கண்ணாடியில் தெரிவது போல் இடம் வலம் மாறி இருப்பதைக் கண்டேன். படத்தைப் பின்பக்கமாகப் பிடித்திருக்கிறேன். வாப்பாவும் அப்படித்தான் ஆணி அடித்திருந்தார். இரண்டு மழைக்காலம் உங்கள் நெஞ்சு புறம் மாறித்தான் நம் குசினியில் இருந்திருக்கிறது.

சரியாகத் திருப்பிப் பார்த்தால் உம்மா, அது கண்ணாடி மாதிரி இல்லவே இல்லை. இதயத்தின் அகலம் நெஞ்சின் அகலத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்று புத்தகம் சொல்கிறது. அடிமட்டத்தை வைத்து அளந்து பார்த்தேன். உங்களுடையது தாண்டிவிட்டது. இதயத்தின் இடது ஓரத்தில், பெருநாடியின் சிறு மேட்டுக்குக் கீழே, உள்ளே வளைந்திருக்க வேண்டிய இடம் வெளியே பிதுங்கியிருக்கிறது. அது இதயத்திலிருந்து நுரையீரலுக்கு இரத்தம் கொண்டுபோகிற பெரிய குழாய். வலது பக்கம் இறங்குகிற அதன் கிளை சுண்டுவிரல் பருமன் இருக்க வேண்டுமாம். உங்களுக்குப் பெருவிரல் பருமன். ஆனால் ஓரத்துக்குப் போகப் போக அந்தக் கிளைகளே காணாமல் போகின்றன. கரண்ட் கம்பிக்காகக் கிளை வெட்டிவிட்ட நம் பலாமரம் எப்படி இருக்கும், அடியில் தடியாக, மேலே மொட்டையாக, அப்படி.

வலது நுரையீரலின் கீழ்ப்பாதி மற்ற இடங்களை விடக் கறுப்பு. மக்கீன் மாமா நல்ல கறுப்பு என்று பாராட்டினாரே, அந்த இடம்தான். இரத்தம் ஓடுகிற குழாய்கள்தான் படத்தில் வெண்மையான கோடுகளாக விழும். இரத்தம் போகாத இடம் அளவுக்கு மீறிக் கறுத்துத் தெரியும். வெள்ளை என்றால் நோய், கறுப்பு என்றால் சுகம் என்று நம் தெருவே படித்து வைத்திருக்கிறது. உங்கள் நோய் கறுப்பில் இருந்திருக்கிறது, உம்மா. அதைப் பார்த்துத்தான் நாம் வட்டிலப்பம் சாப்பிட்டோம்.

இதெல்லாம் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் கற்பனை என்று நீங்கள் சொல்லக் கூடாது என்பதற்காக, றலியா மாமியைக் கூட்டிக்கொண்டு நெஞ்சு கிளினிக்குக்குப் போனேன். டொக்டர் ஒரு சிங்களப் பெண்மணி. முதலில் எங்களுக்கு நல்ல ஏச்சு விழுந்தது. நோயாளியைக் கொண்டு வராமல் ஆணி ஓட்டை விழுந்த படத்தைக் கொண்டு வந்து காட்டுகிறீர்களே, இது ஜாதகமா என்று கேட்டார். மாமி எழும்பப் பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்து இருத்திவிட்டு, உதடு நீலமானதையும், படியில் விழுந்ததையும், தங்கச்சி பிறந்த பிறகு உங்கள் இடது கால் வீங்கியதையும் சொன்னேன். கால் வீக்கம் என்றதும் டொக்டர் கையை நீட்டிப் படத்தை வாங்கி வெளிச்சப் பெட்டியில் மாட்டினார்.

வெகுநேரம் பார்த்தார். நான் புத்தகத்தில் பார்த்ததையெல்லாம் அவர் விரல் ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுக்கொண்டு போனது. நான் காணாத ஒன்றையும் காட்டினார். இடது நுரையீரலின் அடி ஓரத்தில் ஒரு சின்னத் தழும்பு. எப்போதாவது நெஞ்சு குத்தி, சளியில் இரத்தம் வந்ததா என்று கேட்டார். வந்தது. தங்கச்சி பிறந்து நாற்பது நாள் கழிந்த கையோடு. உடம்புச் சூடு என்று சொல்லி இளநீர் குடித்தீர்கள்.

டொக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். படத்தை மட்டும் பார்த்து நோய்க்குப் பெயர் வைக்க முடியாது. இதயத்துக்கு எக்கோ எடுக்க வேண்டும், நுரையீரலில் காற்று எங்கே போகிறது, இரத்தம் எங்கே போகவில்லை என்று பார்க்கிற ஸ்கேனும் வேண்டும். ஆனால் அவருடைய சந்தேகம் இதுதான்: காலில் உறைந்த இரத்தக் கட்டிகள் நுரையீரல் குழாய்களுக்குள் போய், கரையாமல், தழும்பாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அடைத்த குழாய்களுக்குள் இரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலது பக்கம் வீங்கிவிட்டது. உங்களுக்கு வீசிங் இல்லை. மூச்சு வாங்கும்போது நீங்கள் வாயில் அடிப்பதாக மாமி சொன்ன அந்த இன்ஹேலர் பம்பை எத்தனை தரம் அடித்தாலும் பிரயோசனமில்லை. நுரையீரல் அழுத்தம் பல காரணங்களால் வரும், ஆனால் இந்த வகையில் சிலருக்குக் கட்டியையே ஒப்பரேஷன் செய்து எடுத்துவிடலாம், ஆள் எழும்பி நடக்கலாம் என்றார். அதைச் சொல்லிவிட்டு, "இந்தப் படம் எடுத்து இவ்வளவு காலமா? எங்க வெச்சிருந்தீங்க?" என்று கேட்டார். ஜன்னலில் என்று மாமிதான் சொன்னார். டொக்டர் என்னைப் பார்க்காமல் படத்தைக் கழற்றினார்.

இனி உங்கள் மேல் எனக்குள்ள கோபம்.

அந்தக் கால் வீங்கியபோது ஆஸ்பத்திரியில் இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை தந்தார்கள். நாங்கள் சொல்லும்வரை நிறுத்த வேண்டாம் என்றார்கள். நீங்கள் முதலில் நோன்பு மாதத்தில் விட்டீர்கள். பிறகு கிளினிக் நாளில் கடையைப் பார்க்க ஆளில்லை என்று விட்டீர்கள். கடைசியில் மக்கீன் மாமா, குளிசை குடிக்கிறவர் என்று தெரிந்தால் எடுக்க மாட்டார்கள், பையில் ஒன்றும் கொண்டு போகாதீர்கள் என்றார். மிச்சக் குளிசையை அலுமாரிக்கு மேலே, என் கல்யாணத்துக்கு என்று வாங்கி வைத்த பீங்கான் பெட்டிக்குப் பின்னால் தள்ளிவிட்டுப் போனீர்கள். நேற்றுத்தான் கண்டுபிடித்தேன். எனக்குத் தலைவலி வந்தால் ஒரு குளிசைக்கு இரண்டு பேரைக் கேட்கிற உம்மா, உங்கள் விஷயத்தில் மட்டும் ஒரு சப் ஏஜெண்ட்டைக் கேட்டுத் தீர்மானித்திருக்கிறீர்கள்.

மக்கீன் மாமாவையும் சும்மா விடவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வாப்பாவின் கடைக்கு வந்தார். நான் படத்தை எடுத்துக்கொண்டு போய், வலது பக்கக் கறுப்பைக் காட்டினேன். "ஆ, புள்ள டொக்டர் ஆகிட்டா! ஸ்டெதஸ்கோப் எங்க?" என்று கடையில் நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "கறுப்புன்னா சுத்தம் புள்ள. ஒங்களப் போல எத்தின பேருட நெஞ்சப் பாத்தீக்கிறன்" என்றார். சட்டி அடியும் கறுப்புத்தான் மாமா, அதைக் கழுவாமல் வைப்பீர்களா என்று கேட்டேன். கடையில் நின்ற ஒருவர் சிரித்துவிட்டார். மாமாவின் முகம் சிவந்தது. "பொம்புளப் புள்ளையை நூலகத்துக்கு அனுப்பினா இதுதான்" என்று வாப்பாவிடம் சொன்னார். வாப்பா என்னை வாயை மூடு என்றார். நான் மூடவில்லை. உங்கள் உறவுக்காரப் பெண் ஒருவருக்கு இப்படி நடந்தால் படத்தைப் பல்பில் பார்ப்பீர்களா, டொக்டரிடம் காட்டுவீர்களா என்று கேட்டேன். அவர் ஒரு கொத்து றம்புட்டானை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆனால் அவர் அன்று வந்தது பழத்துக்கு அல்ல. உங்கள் மேடம் இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தத்தை நீடிக்கக் கேட்கிறாராம். நீங்கள் சரி சொல்லிவிட்டீர்களாம். அடுத்த மாதம் கையெழுத்தாம். வாப்பாவும் தலையாட்டிவிட்டார். எனக்கு யாரும் சொல்லவில்லை. அவர்கள் கதைத்ததைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

எதற்காக என்று எனக்குத் தெரியும். நம் வீட்டுக்கு மேலே கட்டுகிற மாடி. நம் சனத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் மாப்பிள்ளை வர மாட்டார், மூத்தவளுக்கு மேல் வீட்டைக் கட்டி முடித்தால்தான் நான் தலை நிமிர்ந்து நடப்பேன் என்று நீங்கள் போன நாளிலும் சொன்னீர்கள். நான்கு தூணும் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கின்றன. அதில் றமீலா சாச்சி மிளகாய் காயப்போடுகிறார். எனக்கு இன்னும் உயர்தரப் பரீட்சையே முடியவில்லை. பெயர் தெரியாத ஒரு மாப்பிள்ளைக்காக நீங்கள் வேறொருவர் வீட்டு மூன்றாம் மாடிக்கு மூச்சில்லாமல் ஏறுகிறீர்கள். அந்த வீடு எனக்கு வேண்டாம். கட்டி முடித்தாலும் நான் அதில் ஏற மாட்டேன். இதை வாப்பாவிடமும் சொல்லிவிட்டேன். அவர் போய், படத்தை நான் கழற்றிய சட்டத்துக்குக் கண்ணாடி அளந்துகொண்டு வந்தார். நேற்றுப் புதுக் கண்ணாடி போட்டாயிற்று. அவ்வளவுதான் அவரால் முடிந்தது போலிருக்கிறது. அவர் மேலும் கோபம்தான். ஆனால் கண்ணாடியைப் போட்டுவிட்டு, அதற்காக ஏறிய ஸ்டூலிலேயே வெகுநேரம் இருந்தார், உம்மா. மஸாஹிரா போய், உம்மா எங்கே என்று ஜன்னலைக் காட்டிக் கேட்டபோதும் எழும்பவில்லை.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். நீங்கள் இந்தக் கடிதத்தை வாசிக்கும்போது அது நடந்து முடிந்திருக்கும்.

உங்கள் மேடத்துக்கு நான் அரபியில் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்த பாடப்புத்தக அரபிதான். அங்கே பேசுகிற மாதிரி இருக்காது, பள்ளிவாசலில் குத்பாப் பிரசங்கம் கேட்பது மாதிரி இருக்கும். மேடம் சிரித்தால் சிரிக்கட்டும். நீங்கள் விழுந்தது நோன்பால் அல்ல என்று எழுதினேன். உங்கள் காலைப் பற்றி எழுதினேன். உங்களை மாடிப்படி ஏற விட வேண்டாம் என்றும், முதலில் அங்கேயே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இதயத்தைப் பார்க்க வேண்டும் என்றும், அந்த டொக்டர்கள் விமானத்தில் போகலாம் என்று சொன்னதும் அனுப்பிவிட வேண்டும் என்றும் எழுதினேன். பார்க்காமல் விமானம் ஏற்ற வேண்டாம் என்று கிளினிக் டொக்டர் சொன்னார், அதையும் சேர்த்தேன். டொக்டர் தன் கையாலேயே ஆங்கிலத்தில் எழுதித் தந்த துண்டு, படத்தின் போட்டோப் பிரதி, இரண்டும் அதோடு இருக்கின்றன. அந்தக் கடிதத்தை உங்களிடம் தர வேண்டாம், மேடத்தின் கையிலேயே முதலில் கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் உங்களுடையதைத் தர வேண்டும் என்று றலியா மாமியிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். மாமி அழுதுகொண்டே சரி சொன்னார். அவரை ஏசாதீர்கள். என்னை ஏசுங்கள்.

உங்களைக் கேட்டுச் செய்திருக்கலாம். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள், இன்னும் இரண்டு வருடம்தானே என்றிருப்பீர்கள். இந்த வீட்டில் எல்லோரும் உங்களைக் கேட்டுத்தான் உங்களை அனுப்பினார்கள், உங்களைக் கேட்டுத்தான் குளிசையை நிறுத்தினார்கள். நீங்கள் ஒருவருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. அதனால் உங்களுக்காக நான் இல்லை என்று சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரியில் கேட்டால் காலைப் பற்றி மறைக்காமல் சொல்லுங்கள். அவர்கள் தருகிற குளிசையைக் குடியுங்கள். யார் சொன்னாலும், நோன்பானாலும், அவர்களைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

மேடம் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாள், வேலையைக் கெடுத்துவிட்டாள், கட்டின தூணை அப்படியே நிற்க விட்டாள் என்று உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும். அந்தக் கோபத்தோடேயே வாருங்கள். வந்து இறங்கியதும் என்னைத் திட்டுங்கள். அடிக்க வேண்டுமென்றால் அடியுங்கள், நான் ஓட மாட்டேன். ரோட்டிலிருந்து நம் வாசலுக்கு இறங்குகிற படியில் உங்களைத் தூக்கிக்கொண்டு வரப் பக்கத்து வீட்டு ஷிராஸ் நானாவிடம் கதிரைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். வெட்கப்படாமல் அதில் உட்காருங்கள்.

அல்லாஹ் உங்கள் மூச்சை லேசாக்கி, உங்களை எங்களிடம் திருப்பித் தரட்டும். என்னை அடிக்க எழும்பி வர வேண்டாம், உம்மா. இருந்த இடத்திலிருந்தே கூப்பிடுங்கள். நானே கிட்ட வந்து நிற்கிறேன்.

உங்கள் கீழ்ப்படியாத மகள்,
ரிப்கா